கொமோட்டினி: ஒப்பந்தத்தின் விதிவிலக்கில் தங்கிய ஊர்

கிரீஸின் வடகிழக்கு மூலையில், ரொடோப்பி மலைத்தொடரின் தெற்கு அடிவாரச் சமவெளியில் இருக்கிறது கொமோட்டினி. வடக்கே மலையைத் தாண்டினால் பல்கேரியா, கிழக்கே நெடுஞ்சாலையைப் பிடித்தால் துருக்கி எல்லை, தெற்கே ஏஜியன் கடல். நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 65,000. கிழக்கு மாசிடோனியா – த்ரேஸ் மாகாணத்தின் தலைநகரம் இதுதான். ஏதென்ஸின் பளிங்குத் தூண்களையும் சாந்தோரினியின் வெள்ளைச் சுவர்களையும் தேடி வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. வருகிறவர்கள் கடைத்தெருவில் கிரேக்க மொழியும் துருக்கி மொழியும் கலந்து ஒலிப்பதைக் கேட்பார்கள். தேவாலய மணி ஓய்ந்த சற்று நேரத்தில் பாங்கொலி எழும். இந்த ஊருக்குத் துருக்கி மொழியில் கியூமுல்ஜினே என்று இன்னொரு பெயரும் உண்டு. ஊரும் சுற்றுக் கிராமங்களும் சேர்ந்த ரொடோப்பி மாவட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேர் முஸ்லிம்கள்.

பல சமயத்தார் ஒற்றுமையாக வாழும் ஊர் என்று சுற்றுலாக் கையேடுகள் இதைப் புகழும். பொய்யில்லை. ஆனால் அந்த அமைப்பு தானாக விளைந்ததல்ல. யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததல்ல. 1923-இல் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தம் ஒரு நாட்டின் முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றியபோது, இந்தச் சிறு நிலத்துண்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. நகரில் இன்று காணும் பள்ளிவாசல், பள்ளிக்கூடம், நீதிமன்ற வழக்கு, கடைப் பலகை எல்லாவற்றின் பின்னாலும் அந்த விலக்கு நிற்கிறது.

ஊரின் பிறப்பு ஒரு சாலையோரக் கோட்டை. ஏட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து பைசாந்தியம் வரை ரோமானியர் போட்ட எக்நாத்தியா பெருவழி இந்தச் சமவெளியைக் கடந்து சென்றது. அந்த வழியைக் காக்க 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், பேரரசர் முதலாம் தியோடோசியஸ் காலத்தில் எழுந்ததாகக் கருதப்படும் கோட்டையின் சுவர்கள் நகர மையத்தில் இன்னும் துண்டு துண்டாக நிற்கின்றன. அப்போது இது பெரிய ஊரல்ல. சற்று மேற்கே இருந்த மோசினோபோலிஸ்தான் பெயர் பெற்ற நகரம். 1207-இல் பல்கேரிய மன்னன் கலோயான் அதை அழித்தான். தப்பிய மக்கள் இந்தக் கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். பக்கத்து ஊரின் அழிவில்தான் கொமோட்டினி வளர்ந்தது.

1360-களில் உதுமானியத் தளபதி காசி எவ்ரெனோஸ் இதைக் கைப்பற்றினார். போரோடு நிற்காமல் அவர் இங்கே ஓர் இமாரெத் கட்டினார். ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவும் தங்க இடமும் தரும் அறச்சாலைக்கு அந்தப் பெயர். நம் ஊர்ச் சத்திரத்தோடு அன்னதானமும் சேர்ந்தது என்று கொள்ளலாம். கல்லும் செங்கல்லும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது. ஐரோப்பிய மண்ணில் எஞ்சியுள்ள மிகப் பழைய உதுமானியக் கட்டடங்களுள் இதுவும் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டில் சில காலம் மின் நிலையமாக ஓடியது. 1999 முதல் அது கிறித்தவத் திருச்சபை அருங்காட்சியகம்: முஸ்லிம் அறச்சாலையின் குவிமாடத்துக்குக் கீழே பழைய கிறித்தவத் திருவுருவப் படங்களும் வழிபாட்டுத் துணிகளும் வெள்ளிக் கலங்களும் இருக்கின்றன. இதைச் சகிப்புத்தன்மையின் சின்னம் என்பாரும் உண்டு, கைப்பற்றலின் சின்னம் என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும், நகரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்த ஐந்து நூற்றாண்டுகள் கொமோட்டினி ஓர் உதுமானிய மாகாண நகரமாக இருந்தது. துருக்கியரோடு கிரேக்கர், பல்கேரியர், ஆர்மீனியர், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோர் எல்லாரும் குடியிருந்தார்கள். சந்தையும் புகையிலையும் ஊரை வளர்த்தன. இந்த மலையடிவாரத்தில் விளையும் சிறு இலைப் புகையிலையான பஸ்மா, சிகரெட் யுகத்தில் உலகச் சந்தையில் தனி விலை பெற்றது.

பிறகு வந்தது கைமாறல்களின் காலம். இதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. பத்தே ஆண்டுகளில் இந்த ஊர் பார்த்த கொடிகளுக்குக் கணக்கு வைப்பது கடினம். 1912-இல் தொடங்கிய பால்கன் போரில் பல்கேரியப் படை நுழைந்தது. 1913 ஜூலையில் கிரேக்கப் படை வந்தது. ஆகஸ்ட் மாதம் புக்கரெஸ்ட் ஒப்பந்தம் பகுதியைப் பல்கேரியாவுக்குக் கொடுத்தது. அதை ஏற்காத உள்ளூர் முஸ்லிம்களும் உதுமானியப் படை அதிகாரிகளும் சேர்ந்து மேற்கு த்ரேஸ் தனி அரசு என்று ஒன்றை அறிவித்தார்கள். கொமோட்டினி அதன் தலைநகரம். அந்த அரசு இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. அக்டோபரில் பல்கேரியர் மீண்டும் வந்து, முதல் உலகப் போர் முடியும் வரை ஆண்டார்கள். 1919-இல் பிரெஞ்சுத் தளபதி ஷார்ப்பியின் கீழ் நேச நாடுகளின் இடைக்கால நிர்வாகம் நடந்தது. 1920 மே 14 அன்று கிரேக்கப் படை நகருக்குள் வந்தது. அந்த நாளைத்தான் நகரம் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறது. ஊரின் பாதிப் பேருக்கு அது எத்தகைய நாள் என்று கேட்டால், பதில் வீட்டுக்கு வீடு மாறும்.

அடுத்து, கிரீஸ் ஆசியா மைனரில் நடத்திய போரில் தோற்றது. 1923 ஜனவரி 30 அன்று லோசானில் கிரீஸும் துருக்கியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, மக்கள்தொகைப் பரிமாற்றம் என்ற பெயரில் ஒரு கொடுமையைச் சட்டமாக்கியது. துருக்கியில் இருந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸில் இருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கு. பேசும் மொழியை யாரும் பார்க்கவில்லை. சமயம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழி மட்டுமே தெரிந்த கிறித்தவர்கள் கிரீஸில் இறங்கினார்கள், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரேத்தா தீவு முஸ்லிம்கள் துருக்கியில் இறங்கினார்கள். ஏறத்தாழ 12 லட்சம் கிறித்தவர்களும் நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்களும் ஊரை இழந்தார்கள்.

உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு இரு கூட்டத்தாரை விலக்கியது: இஸ்தான்புல்லின் கிரேக்கர்கள், மேற்கு த்ரேஸின் முஸ்லிம்கள். கிரீஸ் முழுவதும் பள்ளிவாசல்கள் கிடங்குகளாகவும் திரையரங்குகளாகவும் மாறியபோது கொமோட்டினியில் தொழுகை நடந்துகொண்டே இருந்தது இதனால்தான். விலக்கு இருதரப்புக்கும் பிணைக் கைதி போன்ற நிலையையும் கொடுத்தது. 1955 செப்டம்பரில் இஸ்தான்புல்லில் கிரேக்கர்களின் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டபோதும், பின்னர் சைப்ரஸ் விவகாரத்தில் இரு நாடுகளும் மோதியபோதும், அதன் சூடு கொமோட்டினியின் டீக்கடை வரை வந்தது. இஸ்தான்புல்லில் லட்சத்துக்கு மேல் இருந்த கிரேக்கர்கள் இன்று சில ஆயிரம் பேர்தான். த்ரேஸின் முஸ்லிம்கள் இன்னமும் ஒரு லட்சம் அளவில் இருக்கிறார்கள்.

அதே நேரத்தில் ஆசியா மைனரிலிருந்தும் கருங்கடல் கரையிலிருந்தும் கிழக்கு த்ரேஸிலிருந்தும் கிறித்தவ அகதிகள் இங்கே குடியேறினார்கள். ஆகவே கொமோட்டினியின் கிறித்தவர்களிலும் பெரும்பகுதி வந்தேறிகளின் பேரப்பிள்ளைகளே. ஊரின் பூர்வகுடியினர் யார் என்ற கேள்விக்கு அரசியல் மேடையில் சொல்லப்படும் விடையும் பத்திரப் பதிவுகள் சொல்லும் விடையும் சில சமயம் பொருந்துவதில்லை.

நகரை நடந்தே பார்த்துவிடலாம். நடுவே அமைதிச் சதுக்கம், சுற்றிலும் காப்பிக்கடைகள். பல்கலைக்கழக மாணவர்கள் நிரம்பிய ஊர் என்பதால் இரவிலும் கூட்டம் குறைவதில்லை. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் பழைய கடைவீதி வந்துவிடும். அங்கே கல்லில் எழும்பி நிற்கும் மணிக்கூண்டு 1884-இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் ஆட்சியில் கட்டப்பட்டது. அதை ஒட்டியே யெனி பள்ளிவாசல். புதுப் பள்ளி என்று பெயர், வயதோ நானூறு ஆண்டுக்கு மேல்! 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உதுமானிய நிதித்துறைப் பெரும்புள்ளி எக்மெக்ஜிஸாதே அஹ்மத் பாஷா கட்டியது. உள்ளே சுவரில் இஸ்னிக் ஓடுகள் பதித்திருக்கிறார்கள்: வெள்ளைப் பரப்பில் நீலமும் பச்சையும் தக்காளிச் சிவப்பும் கலந்த பூக்கொடிகள். இஸ்னிக் சூளைகள் உச்சத்தில் இருந்த காலத்துச் சரக்கு இது. இஸ்தான்புல் பள்ளிவாசல்களில் கூட்டத்தில் முண்டியடித்துப் பார்ப்பதை இங்கே ஆளில்லாத கூடத்தில் நிதானமாகப் பார்க்க முடியும். பள்ளிவாசல் வழிபாட்டில் இருப்பதால் தொழுகை நேரத்தை விட்டு, காலணி கழற்றி, உடலை மூடிய உடையில் போவதே முறை. இன்னும் சற்றுத் தள்ளி எஸ்கி பள்ளிவாசல், அதாவது பழைய பள்ளி. வெள்ளிக்கிழமை அங்கே கூட்டம் வீதிவரை நிற்கும்.

ஊரை அதன் உண்மையான முகத்தோடு பார்க்கச் செவ்வாய்க்கிழமை போக வேண்டும். அன்றுதான் வாரச்சந்தை. மலைக் கிராமங்களிலிருந்து பொமாக் என்னும் முஸ்லிம் சமூகத்துப் பெண்கள் தலைமுக்காடும் நீண்ட மேலங்கியுமாக வந்து இறங்குவார்கள். சமவெளிக் கிராமத்து விவசாயிகள் மிளகாயும் கத்தரியும் பூசணியும் கொட்டி வைப்பார்கள். ரோமா வியாபாரிகள் துணிகளைக் குவித்து விலை கூவுவார்கள். வாங்குபவர் எந்த மொழியில் பேரம் தொடங்குகிறாரோ அந்த மொழிக்கு விற்பவர் தாவிவிடுவார். இந்த லாகவம் கல்விக் கொள்கை எதனாலும் வந்ததல்ல, வயிற்றுப் பிழைப்பினால் வந்தது.

சாப்பாட்டில் கொமோட்டினியின் பெருமை வறுத்த கொண்டைக்கடலை. கிரேக்கர் ஸ்த்ராகாலியா என்பார்கள், துருக்கியர் லெப்லெபி என்பார்கள். நம் உப்புக்கடலையைத் தெரிந்தவர்களுக்குப் பார்வையில் வியப்பு இருக்காது. வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது. கடலையை ஒரே மூச்சில் வறுப்பதில்லை. வறுத்து ஆறவிட்டு, ஈரம் காட்டி, ஊறப் போட்டு, மீண்டும் வறுத்துத் தோல் நீக்குவார்கள். பல நாள் வேலை. கடிக்கும்போது கல்லாக இல்லாமல் மாவாக உதிர்வது அந்தப் பொறுமைக்குக் கிடைக்கும் கூலி. கடைவீதியில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனையும் இதோடு கலந்திருக்கும். இனிப்பு விரும்புகிறவர்கள் கொட்டைப் பருப்பு பொதிந்து நீள உருளையாக்கிய சுஜூக் லோக்கும் வாங்காமல் திரும்புவதில்லை.

பழைய கோட்டைச் சுவருக்குள் ஒரு காலத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. இன்று இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தப் பகுதி ஜெர்மனியின் கூட்டாளியான பல்கேரியாவின் பிடியில் இருந்தது. 1943 மார்ச் 4 அன்று விடியும் முன் பல்கேரியப் போலீஸ் வீடு வீடாகச் சென்று யூதர்களைப் பிடித்தது. ரயிலில் பல்கேரியா வழியே தான்யூப் ஆற்றின் லோம் துறைமுகத்துக்கும், படகில் வியன்னாவுக்கும், அங்கிருந்து திரெப்ளிங்கா கொலைமுகாமுக்கும் கொண்டுபோனார்கள். பல்கேரிய ஆட்சியில் இருந்த கிரேக்கப் பகுதிகளிலிருந்து இவ்வாறு போன 4,000-க்கும் மேற்பட்டோரில் திரும்பியவர் அநேகமாக யாருமில்லை. ஆள் இல்லாத தொழுகைக்கூடம் கவனிப்பாரற்று இடிந்து, 1990-களில் அகற்றப்பட்டது. பல பண்பாட்டு நகரம் என்று கொமோட்டினியைப் பாராட்டும்போது இந்த ஒரு பண்பாடு முற்றாகத் துடைக்கப்பட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆர்மீனியச் சமூகம் சிறியதாகச் சுருங்கியும் தன் தேவாலயத்தோடு நீடிக்கிறது.

இனி முஸ்லிம்களைப் பற்றி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரே கூட்டமாகத் தெரியும் இவர்கள் மூன்று வகையினர். பெரும்பான்மையோர் துருக்கி மொழி பேசுவோர், சமவெளியிலும் நகரிலும் வாழ்பவர்கள். இரண்டாமவர் பொமாக்குகள், பல்கேரிய மொழிக்கு நெருங்கிய ஸ்லாவியப் பேச்சைத் தாய்மொழியாகக் கொண்டு ரொடோப்பி மலையில் வாழ்கிறார்கள். மூன்றாமவர் ரோமா மக்கள், நகரின் விளிம்புக் குடியிருப்புகளில் வறுமையில் இருப்பவர்கள். லோசான் ஒப்பந்தம் இவர்களை முஸ்லிம் சிறுபான்மை என்று மட்டுமே குறிப்பிட்டது. கிரேக்க அரசும் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கிறது. சிறுபான்மையில் பெரும்பாலோர் தங்களைத் துருக்கியர் என்கிறார்கள். எழுபது ஆண்டுச் சச்சரவின் கரு இதுதான். பெயரில் ‘துருக்கி’ என்ற சொல் கொண்ட சங்கங்களைக் கலைத்தது சரியே என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்ததும், 1988 ஜனவரி 29 அன்று ஆயிரக்கணக்கான முஸ்லிம்கள் கொமோட்டினி வீதிகளில் திரண்டார்கள். இரண்டாண்டு கழித்து அதே தேதியில் நகரில் கலவரம் மூண்டு முஸ்லிம்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. இந்தச் சங்கத் தடைகள் ஒன்றுகூடும் உரிமையை மீறியவை என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007-லும் 2008-லும் தீர்ப்புச் சொன்னது.

இன்னும் கசப்பானது குடியுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. கிரேக்க இனத்தவரல்லாத ஒருவர் திரும்பும் எண்ணமின்றி நாட்டை விட்டுப் போனதாக அதிகாரி கருதினால் குடியுரிமையைப் பறிக்க அது இடம் கொடுத்தது. 1955-இலிருந்து 1998-இல் நீக்கப்படும் வரை சுமார் 60,000 பேர் இதனால் குடியுரிமை இழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் த்ரேஸ் முஸ்லிம்கள். இதற்கு மேல் நிலம் வாங்கவும் வீடு பழுதுபார்க்கவும் ஓட்டுநர் உரிமம் பெறவும் அனுமதி கிடைக்காமல் அலைந்த தலைமுறை ஒன்று உண்டு. மலைக் கிராமங்கள் பனிப்போர்க் காலத்தில் தடைசெய்யப்பட்ட ராணுவப் பகுதியாக இருந்து, 1990-களின் நடுவில்தான் சோதனைச் சாவடிகள் அகன்றன. 1991-இல் பிரதமர் மித்சொதாக்கிஸ் த்ரேஸுக்கு வந்து சமவுரிமையும் சமக்குடிமையும் அறிவித்த பின்புதான் அன்றாட நெருக்கடிகள் தளர்ந்தன. சிறுபான்மைத் தலைவராக எழுந்து நாடாளுமன்றம் சென்ற மருத்துவர் சாதிக் அஹ்மத் தொடங்கிய கட்சி, 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ரொடோப்பி மாவட்டத்தில் முதலிடம் பெற்றது.

விலக்கு கொண்டுவந்த இன்னொரு விநோதம் ஷரியத் சட்டம். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் முஃப்தி நீதிபதியாகவும் இருந்து, திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை வழக்குகளில் தீர்ப்பளிப்பது த்ரேஸில் மட்டும்தான். முஃப்தியை யார் நியமிப்பது என்பதிலும் தகராறு: அரசு நியமித்தவர் ஒருவர், சமூகத்தார் தேர்ந்தெடுத்தவர் ஒருவர் என்று இரு முஃப்திகள் ஒரே ஊரில் இருந்தார்கள். கொமோட்டினியைச் சேர்ந்த மோல்லா சாலி என்ற பெண்ணின் வழக்கு இந்த ஏற்பாட்டை உலுக்கியது. அவருடைய கணவர் பொதுச் சட்டப்படி பத்திரப் பதிவாளர் முன் உயில் எழுதி, சொத்து முழுவதையும் மனைவிக்கு விட்டுச் சென்றார். 2008-இல் அவர் இறந்ததும் அவருடைய சகோதரிகள், முஸ்லிம் உயில் செல்லாது, ஷரியத்படி முக்கால் பங்கு தங்களுக்கு என்று வழக்குத் தொடுத்தார்கள். கீழ் நீதிமன்றங்கள் மனைவி பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 2013-இல் சகோதரிகள் பக்கம் திரும்பியது. சிறுபான்மையைக் காக்க எழுதிய ஒப்பந்தம், அந்தச் சிறுபான்மைப் பெண் ஒருத்தியின் சொத்தைப் பிடுங்கும் கருவியாகிவிட்டது. வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் சென்ற நிலையில், 2018 ஜனவரியில் கிரீஸ் சட்டத்தைத் திருத்தியது: இரு தரப்பும் ஒப்பினால் மட்டுமே முஃப்தி விசாரிக்கலாம், இல்லையேல் பொது நீதிமன்றம். அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு மோல்லா சாலிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது.

பள்ளிக்கூடங்களிலும் இதே இரட்டை முகம். சிறுபான்மைத் தொடக்கப்பள்ளிகளில் சில பாடங்கள் கிரேக்கத்தில், சில துருக்கி மொழியில். வீட்டில் பொமாக் பேசும் குழந்தைக்கு இரண்டுமே அயல்மொழி என்பது யாருக்கும் பெரிய கவலையாக இருந்ததில்லை. 1952-இல் தொடங்கிய சிறுபான்மை உயர்நிலைப் பள்ளிக்குத் துருக்கிக் குடியரசுத் தலைவர் ஜெலால் பயார் பெயர் சூட்டியிருக்கிறார்கள்; அந்த ஆண்டில் இரு நாடுகளும் நட்பாக இருந்தன என்பதற்கு அந்தப் பெயரே அத்தாட்சி. 1990-களின் நடுவில் பல்கலைக்கழகங்களில் சிறுபான்மையினருக்குத் தனி இட ஒதுக்கீடு வந்தது. அதுவரை துருக்கிக்குப் படிக்கப் போன பிள்ளைகள் ஏதென்ஸுக்கும் தெசலோனிக்கிக்கும் போகத் தொடங்கினார்கள். கொமோட்டினியிலேயே, 1973-இல் நிறுவிய டெமோக்ரிட்டஸ் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் இருக்கிறது. அதன் சட்டத்துறைக்கு நாடெங்கும் நல்ல பெயர்.

அருங்காட்சியகங்களில் தொல்லியல் அருங்காட்சியகம் தவறவிடக் கூடாதது. கட்டடம் நவீனக் கட்டடக் கலைஞர் ஆரிஸ் கான்ஸ்டண்டினிடிஸ் வடிவமைத்தது. எவ்ரோஸ் ஆற்றங்கரையில் திதிமோத்திகோ அருகே 1965-இல் கிடைத்த, ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் தங்க மார்பளவுச் சிலை இதன் தொகுப்புக்குப் பெயர் வாங்கித் தந்தது. கணித மேதை கான்ஸ்டண்டின் கராதியோடோரியின் குடும்ப வேர்கள் த்ரேஸில் இருந்ததால் அவர் பெயரிலும் இங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு. கணிதத்தில் ஆர்வமில்லாதவர்கள் அந்த நேரத்தைக் கடைவீதியில் செலவிடலாம்.

சுற்றுவட்டாரத்தைப் பார்க்க ஒரு நாளாவது ஒதுக்க வேண்டும். வடக்கே நிம்ஃபையா காட்டுக்குள் பழைய மலைக்கோட்டைகளும் அதையடுத்து 2013-இல் திறந்த பல்கேரிய எல்லைவழியும் இருக்கின்றன. தென்மேற்கே விஸ்தோனிடா ஏரி. பூநாரைகளும் கூழைக்கடாக்களும் வரும் இந்த நீர்ப்பரப்பில், கரையிலிருந்து மரப்பாலத்தில் நடந்து சேரும் சிறு தீவில் புனித நிக்கோலஸ் மடம் இருக்கிறது. தென்கிழக்கே கடலோரம் பழைய மரோனேயா. ஒடிசியில் ஒடிசியூஸ் ஒற்றைக்கண் அரக்கனை மயக்கக் கொடுத்த மது இந்த மண்ணினுடையது என்பது மரபு.

போய்ச்சேர எளிய வழி, தெசலோனிக்கியிலிருந்து புதிய எக்நாத்தியா நெடுஞ்சாலையில் பேருந்து. தூரம் 270 கிலோமீட்டர் அளவில். அருகிலுள்ள விமான நிலையங்கள் கிழக்கே அலெக்சாந்த்ரூபோலியிலும் மேற்கே கவாலா அருகிலும் இருக்கின்றன. கோடையில் சமவெளி கொதிக்கும், குளிர்காலத்தில் மலைக்காற்று கடிக்கும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் ஏற்றவை. நோன்பு மாதத்தில் போனால் கடைவீதி இரவு வெகுநேரம் விழித்திருப்பதைக் காணலாம். எந்த மாதமானாலும் பயணத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வருமாறு அமைத்துக்கொள்வது நல்லது.